உயிரோடு இருப்பதற்குச் சான்று

1 செப்டம்பர் 1992, செவ்வாய்

ஆவடி பேங்குக்குப் போய் வந்தேன். விரல் இன்னும் எரிகிறது. எழுதித் தீர்க்காவிட்டால் இன்றைக்கு யாரையாவது அடித்துவிடுவேன்.

என் முன்னாள் புருஷன் பென்ஷன் வாங்கியதும் மூன்றில் ஒரு பங்கை என்னிடம் தர வேண்டும். பூந்தமல்லி கோர்ட்டில் அவன் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம். விவாகரத்து ஆகி ஏழு வருஷம் ஆகப்போகிறது. அவன் பாக்டரியில் வேலை பார்த்த காலத்தில் அம்மிக் குழவியை எடுத்து என் இடது மணிக்கட்டில் போட்டான். அன்றோடு என் தையல் போச்சு, துணியை இழுத்துப் பிடிக்கக் கை வராது. அந்தக் கையைப் பார்த்துவிட்டுத்தான் ஜட்ஜ் இந்தப் பங்கைப் பேசி முடித்தார். பென்ஷனை கோர்ட்கூட ஜப்தி பண்ண முடியாதாம். அதனால் அவன் கையால் கொடுத்து நான் வாங்க வேண்டும், மாசா மாசம், பேங்க் வாசலில். அடித்தவன் அவன். கை நீட்டி நிற்பவள் நான். என்ன நியாயமோ.

இன்றைக்கு நோட்டுகளைக் கீழே போட்டான். "பொறுக்கிக்கினு போடி வனஜா." குனிந்தேன். செருப்புக் காலை என் விரல் மேல் வைத்து அழுத்தினான். சுற்றிலும் பென்ஷன்காரர்கள், ஒருத்தராவது வாய் திறக்க வேண்டுமே! கையிலிருந்த தூக்குப் பாத்திரத்தால் அவன் முட்டியில் ஓங்கி ஒன்று வைத்தேன். அறுபத்தாறு வயசுக் கிழவன், "ஐயோ" என்று படியில் உட்கார்ந்தான். என் பங்கைப் பொறுக்கிக்கொண்டு நடந்தேன். புடவை முழுக்க சாம்பார். இவனுக்கு உத்தமன் என்று பேர் வைத்தவர்களைத் தேடிப்பிடித்து உதைக்க வேண்டும்.

3 செப்டம்பர்

விரல் வீங்கிவிட்டது. நல்லவேளை, இடது கை. ஏற்கெனவே உருப்படாத கை.

1 அக்டோபர், வியாழன்

இன்று புஷ்பாவையும் கூட்டி வந்திருந்தான். அவனுடைய இரண்டாவது பெண்டாட்டி. கண்ணோரம் கறுத்துக் கிடந்தது. முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைப்பானேன். படட்டும் என்று நினைத்தேன்.

அவன் உள்ளே போனதும் கேட்டேன், என்ன அது என்று. "வுயுந்துட்டேன்கா" என்றாள்.

அந்த வீட்டில் நான் எத்தனை தடவை விழுந்திருக்கிறேன்! படியில், கிணற்றடியில், பாத்ரூமில். அக்கம்பக்கத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் இதே பதில்தான் சொல்லியிருக்கிறேன். அதற்குப் பிறகு சந்தோஷம் வரவில்லை.

பங்கைக் கையில்தான் கொடுத்தான். பேங்க் வாட்ச்மேன் பக்கத்தில் நின்றதால் இருக்கும். போகும்போது, "நவம்பர் வர்ட்டும், வெச்சிக்கிறேன்" என்றான். என்னவோ?

30 நவம்பர், திங்கள்

என்ன என்று தெரிந்துவிட்டது. வருஷா வருஷம் நவம்பரில் பென்ஷன்காரர்கள் பேங்குக்கு நேரில் போய், உயிரோடு இருக்கிறேன் என்று சான்று கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். அவன் கொடுக்கவில்லை. மறதி இல்லை, வேண்டுமென்றேதான்.

வீட்டுக்கே போய்க் கேட்டேன். கட்டிலில் உட்கார்ந்து சிரிக்கிறான். "நான் செத்துட்டேன்டி. பொணத்தாண்ட வந்து பங்கு கேப்பியா, இன்னா?"

"அப்ப நீ என்னத்தைத் தின்னுவே?"

"இவ நாலு ஊட்ல பத்து பாத்திரம் தேய்ச்சிக்கினு வருவா. நீ தெருவுல நில்லு. அத்த பாத்தாலே எனக்கு வயிறு ரொம்பிடும்."

புஷ்பா சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். நான் திரும்பும்போது சொம்பு பறந்து வந்தது. காதில் பட்டது. ரத்தத்தை முந்தானையில் அழுத்திக்கொண்டு பஸ் ஏறினேன். கண்டக்டர் டிக்கெட்டுக்குக் காசே கேட்கவில்லை.

என்னைப் பட்டினி போட வேண்டும் என்பதற்காகத் தன்னையே செத்தவனாக்கிக்கொள்கிறான். இப்படியும் ஒரு வெறி உண்டா?

1 ஜனவரி 1993, வெள்ளி

பென்ஷன் நின்றுவிட்டது.

பூந்தமல்லிக்குப் போய் வக்கீல் பார்த்தசாரதியைப் பார்த்தேன். "பென்ஷன் வந்தாத்தானேம்மா பங்கு கேக்கலாம்? வராததுல என்ன கேக்கறது?" என்றார். அவன் நிஜமாகவே செத்துத் தொலைந்தால்? "உங்களுக்கு ஒண்ணும் கிடையாது. விவாகரத்து ஆனவங்களுக்குக் குடும்ப பென்ஷன் இல்ல. அந்தம்மாவுக்குத்தான் போகும். அதுவும் இதுவரைக்கும் வந்ததுல பாதிகூட இருக்காது."

எல்லாம் காதில் விழுந்தது. புத்தியில் ஏறவில்லை. திருமுல்லைவாயிலில் இறங்கி வீட்டுக்குப் போகாமல் நேரே வேம்புலியம்மன் கோயில் வாசலுக்குப் போனேன். தலைமுடியை அவிழ்த்துப்போட்டு, இரண்டு கையாலும் மண்ணை வாரி, அவன் வீடு இருக்கிற திசையைப் பார்த்துத் தூற்றினேன். அவன் கை விளங்காமப் போகணும். அவன் நாசமாப் போகணும். அவன் பொணம் போற தெருவுல நான் நின்னு பாக்கணும்! பூக்காரி ராஜம்மா கூடையை இழுத்துக்கொண்டு ஒதுங்கினாள். கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது.

13 ஜனவரி, போகி

விடிந்தும் விடியாமலும் கதவைத் தட்டினாள் புஷ்பா. தெருவெல்லாம் டயர் புகை. இருமலும் அழுகையுமாகச் சொன்னாள்:

"நேத்து சாயங்காலம் என்ன அடிக்கக் கைய ஓங்கினாருக்கா. அப்டியே வுயுந்துட்டாரு. வாய் கோணிக்கினு கீது. சோத்தாங்கை, சோத்தாங்கால் ரெண்டும் வரல."

ஆஸ்பத்திரிக்கு? கொண்டுபோகவில்லையாம். "போவட்டும்னு உக்காந்துகினு கீறேன். யார்கிட்டனா சொல்லணும் போல இருந்திச்சி. உன்னாண்டதான் வரத் தோணிச்சி."

அம்மா, வேம்புலி! உடம்பெல்லாம் புல்லரித்தது. சிரித்தேன் என்றே நினைக்கிறேன். பிறகுதான் வக்கீல் சொன்னது புத்தியில் ஏறியது. புஷ்பாவின் முடியைக் கொத்தாகப் பிடித்தேன்.

"பைத்தியக்காரி! அவன் செத்தா உனக்குப் பாதிகூட வராது. எனக்கு நாமம். உயிரோட இருந்தா நாம ரெண்டு பேரும் பிழைக்கலாம். எழுந்திருக்காம இருந்தாப் போதும்டி."

"எய்ந்து அடிச்சா?"

"எந்தக் கையால?"

அவள் என்னையே பார்த்தாள். அழுகையை நிறுத்திவிட்டு, "ஆட்டோவுக்கு சொல்லுக்கா" என்றாள்.

ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்து வந்தோம். ஏற்றும்போது அவன் தலை ஆட்டோ கம்பியில் இடித்தது. இரண்டாவது தடவையும் இடித்தது. ஆட்டோக்கார முனியன் திரும்பிப் பார்த்து, "இன்னாம்மா, சிமிட்டி மூட்டையா ஏத்தறீங்க?" என்றான்.

14 ஜனவரி

ஆஸ்பத்திரி வராந்தாவில் பொங்கல். பிழைத்துக்கொள்வானாம்.

8 பிப்ரவரி, திங்கள்

மறுபடி முனியன் ஆட்டோவில் ஏற்றி பேங்குக்குக் கொண்டுபோனோம். ஆபீசர் நல்ல மனிதர், வாசலுக்கே வந்து எட்டிப் பார்த்தார். "உத்தமன் நீங்கதானே?" அவன் தொண்டையில் ஏதோ கொரகொரவென்றது. அதுவே போதும் என்றார்.

சான்றுக் காகிதத்தில் இடது கைப் பெருவிரல் ரேகை வைக்க வேண்டும். அவனா வைப்பான்? பெருவிரலை உள்ளே மடக்கி முஷ்டியை இறுக்கிக்கொண்டான். வாய் போயும் அந்தத் திமிர் போகவில்லை. ஒவ்வொரு விரலாகப் பிரித்தேன். கடைசி விரலைப் பிரிக்கும்போது அவன் முனகினான். மை தடவி, அவன் நகம் வெளுக்கிற வரைக்கும் காகிதத்தில் வைத்து அழுத்தினேன். காதருகே குனிந்து, "செத்துட்டேன்னியே. இல்லடா. உன்னை விட மாட்டேன்" என்றேன்.

"இந்தம்மா யாரு?" என்று ஆபீசர் கேட்டார். "எங்க அக்கா சார்" என்றாள் புஷ்பா.

20 ஜூலை

புஷ்பா வேலைக்குப் போகிற நேரத்தில் நான் போய்ப் பார்த்துக்கொள்கிறேன். பங்கு வாங்குகிறேனே, சும்மாவா? இன்று கஞ்சியை என் முகத்தில் துப்பினான். கண்ணை வழித்துக்கொண்டு கன்னத்தில் விட்டேன். பளாரென்று கேட்டது. இன்னொன்று. மூன்றாவதுக்குக் கை போனபோது, வாசலில் வந்து நின்ற புஷ்பா, "போதும்கா" என்றாள்.

அவன் அழுதான். எனக்குப் பாவமாகவே இல்லை. நான் என்ன ஆகிக்கொண்டிருக்கிறேன்? கஞ்சியை ஆற்றி மறுபடி ஊட்டினேன், குடித்தான்.

4 நவம்பர் 1993, வியாழன்

இந்த வருஷச் சான்று கொடுத்தாகிவிட்டது. திரும்பி வந்து அவனைக் கட்டிலில் போட்டதும் புஷ்பா என் தோளைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா, அங்க பாரு. வெரலு ஆடுது."

வலது கை. ஆள்காட்டி விரல். போர்வை மேல் மெல்ல ஆடியது, நின்றது, மறுபடி ஆடியது. அவனும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எங்களைப் பார்த்தான். எனக்குக் கல்யாணம் ஆன புதிதில், கையை ஓங்குவதற்கு முன்னால் அவன் பார்த்த அதே பார்வை. நாங்கள் இரண்டு பேரும், இத்தனை நாள் அவனைப் புரட்டி எடுத்தவர்கள், ஓரடி பின்னால் போனோம். புஷ்பா சுவரில் போய் ஒட்டிக்கொண்டாள்.

நான் வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

5 நவம்பர், வெள்ளி

தலைக்குக் குளித்து வேம்புலியம்மன் கோயிலுக்குப் போனேன். ராஜம்மாவிடம் பூ வாங்கினேன். "இன்னிக்கு மண்ணு இல்லியாக்கா?" என்று கேட்டுச் சிரித்தாள். அர்ச்சனை யார் பேருக்கு என்று பூசாரி கேட்டார். அவன் பேரைச் சொன்னேன். நட்சத்திரம் எனக்கு மறக்கவில்லை.

கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். தாயே, அன்னிக்குத் தூத்தின மண்ணையெல்லாம் நான் திருப்பி எடுத்துக்கிறேன். அவனுக்கு நூறு வயசு குடு. அந்தக் கையை மட்டும் அப்படியே விட்டுடு.