தமிழு ராடு

கோம்பை,
கார்த்திகை மாதம், 2004

சிட்டு,

ஆத்தா எழுதுகிறேன். நானும் உன் தங்கச்சி வேல்விழியும் சுகம். நீ இருக்கிற இடத்தில் உனக்குக் குறை எதுவும் இருக்காது என்று நம்புகிறேன். எழுத்துக் கூட்டி எழுதுவதால் கோணல்மாணலாக இருக்கும், சிரிக்காதே. நீ போய் வருசம் திரும்பிவிட்டது. உனக்குச் சொல்ல இப்போதுதான் ஒரு நல்ல சேதி கிடைத்திருக்கிறது. உன் ஜீப் நேற்று மலை ஏறிவிட்டது!

முதலில் இருந்து சொல்கிறேன். ஏலக்காய்த் தோட்டத்துச் சரிவில் வண்டி உருண்ட அன்று, கூலிக்கு வந்த பொம்பளைகள் எல்லாரையும் நீ குதிக்க வைத்துவிட்டாய். அவர்கள் உயிரோடு வீடு வந்தார்கள். ஆனாலும் உத்தமபாளையம் ஜீப் ஸ்டாண்டில், "தமிழ்மாறன் பய கண்ணு மண்ணு தெரியாம ஓட்டுனான், போய்ச் சேந்தான்" என்று பேசினார்கள். உன் காரியத்துக்கு வந்து சாப்பிட்டுப் போனவர்களே பேசினார்கள். எனக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும், எதிர்த்துப் பேச?

உன் கூட்டாளி அழகர்தான் வண்டியை மேலே ஏற்றிக் கொண்டுவந்தான். முன் சக்கரம் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிற ராடைக் கழற்றி என் கையில் கொடுத்தான். வில் மாதிரி வளைந்திருந்தது. "வேகமில்ல அத்தை. அடியில பாறை இடிச்சு இது மடங்கிருச்சு. அப்புறம் ஸ்டேரிங்கை எப்பிடித் திருப்புனாலும் சக்கரம் கேக்காது" என்றான். அதைச் சாமி மாடத்தில் வைத்தேன். வேல்விழியைக்கூடத் தொட விடவில்லை.

வண்டி புளிய மரத்தடியில் கிடந்தது. கோழி அதில் முட்டையிட்டது. பழைய இரும்புக்காரன் ஒருவன் வந்து, "எடைக்குப் போட்டுருங்க" என்றான். அவனை நான் பேசிய பேச்சில் தராசை மறந்துவிட்டுப் போனான். அன்றைக்குத்தான் முடிவு பண்ணினேன். இதே வண்டி அதே பாறையைத் தாண்டிப் போய்வந்தால்தான் உன் மேல் விழுந்த சொல் போகும்.

லேத் பட்டறை பொன்னுராஜிடம் போனேன். "கடையில விக்கிற ராடு அந்த மலைக்குத் தாங்காது ஆத்தா. போர் போடுற லாரியில பூமிக்குள்ள எறக்குவாகளே, அந்த ராடு ஒண்ணு கொண்டாங்க, கடைஞ்சு தர்றேன்" என்றான். தேனியில் ஒரு பழைய இரும்புக் கடையில் அது கிடந்தது. நான் போன நாள் சனிக்கிழமை. கடைக்காரர் தர மாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டார். "சனிக்கெழமை இரும்பு வாங்குனா சனி கூடவே வீட்டுக்கு வருவாரும்மா" என்றார். "அவரு எங்க வீட்டுல ஒரு வருசமாக் குடியிருக்காருய்யா, புதுசா எங்கன வரப்போறாரு?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு எடுத்துக் கொடுத்தார். வருகிற வழியில் குச்சனூர்ச் சனீஸ்வரன் கோயிலில் இறங்கி எள் விளக்கு ஏற்றிவிட்டுத்தான் வந்தேன். எதற்கு வம்பு.

அளவு பார்க்கப் பொன்னுராஜ் பழைய ராடைக் கேட்டான். எனக்குக் கொடுக்க மனசில்லை. பூக்கட்டுகிற நூலை எடுத்து இந்த முனைக்கும் அந்த முனைக்கும் விறைப்பாகப் பிடித்து நானே அளந்து கொடுத்தேன். அவனும் நம்பிக் கடைந்துவிட்டான். புளிய மரத்தடிக்கு வந்து மாட்டினால், முன் சக்கரம் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன. பொன்னுராஜ் அடியிலிருந்து தலையை நீட்டி, "ஏத்தா, வண்டிக்கு மாறுகண்ணு! வளைஞ்சதை நேரா அளந்தா குறையாதா?" என்றான். அழகர் சிரித்தான், வேல்விழி சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது சிட்டு. நீ போன பிறகு அன்றைக்குத்தான் சிரித்தேன்.

மறுநாள் அந்த வளைந்த ராடைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். பட்டறைக்குப் போக ஜீப் ஸ்டாண்டைத் தாண்டித்தானே போக வேண்டும். டிரைவர்கள் பார்த்துவிட்டார்கள். சின்னக்கருப்பு, உன்னைப் பற்றி அதிகம் பேசியவர், எழுந்து வந்து, "இதுவா தமிழு வண்டியில இருந்தது?" என்று கேட்டு வாங்கிப் பார்த்தார். தன் ஜீப்புக்கு அடியில் போய்ப் படுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். வேட்டியெல்லாம் மண்ணோடு எழுந்துவந்து, "பொன்னாத்தா, இது மடங்குன பெறகு எவன் ஓட்டுனாலும் நிக்காது. பயலைத் தப்பாப் பேசிப்புட்டோம்" என்றார். ஸ்டாண்டே கேட்கும்படி சொன்னார். அப்புறம் மெதுவாக, "எனக்கும் ஒண்ணு கடையச் சொல்லு" என்றார்.

பொன்னுராஜ் இந்தத் தடவை வளைவோடு வளைவாக நூலை ஓட்டி அளந்தான். மிச்சமிருந்த துண்டில் புதிதாகக் கடைந்தான். ஒரு முனையில் வலப்பக்கம் திருகுகிற மரை, மறு முனையில் இடப்பக்கம் திருகுகிற மரை. நடுவில் பிடித்துத் திருகினால் இரண்டு பக்கமும் சேர்ந்து நீளுகிறது. அதைத் திருகித் திருகிச் சக்கரத்தை நேராக்கினான். முன்பு கீழே தொங்கியதை இப்போது மேலே தூக்கி மாட்டியிருக்கிறான். பாறை எட்டாது. அது நீ சொன்ன யோசனை என்று அழகர் சொன்னான். மழைக்கு முன்னால் செய்துவிடலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தாயாமே.

நேற்று விடியக்காலை ஸ்டாண்டுக்கு வண்டி வந்தது. அழகர் ஓட்ட, பக்கத்தில் நான். கூலிக்குப் போகிற பொம்பளைகளில் ஒருத்தியும் பயத்தில் ஏறவில்லை. ராயப்பன்பட்டி ஞானசெல்வி ஓரமாக நின்றாள். அன்றைக்குக் குதித்ததில் இடுப்பு எலும்பில் விரிசல் விழுந்து, அதற்கப்புறம் ஜீப் பக்கமே வராதவள். கிட்டே வந்து, "நீங்களும் வர்றீகளா?" என்று கேட்டாள். வருகிறேன் என்றேன். நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு, "அப்ப நகருங்க மதினி" என்று இடித்துக்கொண்டு ஏறினாள். பிறகு மற்றவர்களும் தூக்குவாளியும் கையுமாக இடம் பிடிக்க ஒரே சண்டை.

கம்பம்மெட்டு ஏறித் தோட்டத்துப் பாதையில் இறங்கினோம். அந்தப் பாறை வந்தது. அழகர் வண்டியை நிறுத்திவிட்டான். "ஏலே, எம் மகன் வண்டிடா, ஏத்து" என்றேன். அடியில் கரகரவென்று உரசியது. ராடில் படவில்லை. சக்கரம் சொன்ன பக்கம் திரும்பியது, சொன்ன இடத்தில் நேரானது. தாண்டியதும் பொம்பளைகள் போட்ட குலவை மலையெல்லாம் கேட்டது. தோட்டத்து மலையாளச் சூப்பர்வைசர் ஓடி வந்து, குனிந்து பார்த்து, "கொள்ளாம் சேச்சி, கொள்ளாம்" என்றார். நன்றாக இருக்கிறது அக்கா என்று அர்த்தமாம். இன்றைக்குக் காலையில் இன்னும் மூன்று ஜீப்புகள் பட்டறை வாசலில் நிற்கின்றன. என்ன வேண்டும் என்று பொன்னுராஜ் கேட்டால், "தமிழு ராடு" என்கிறார்களாம். அதுதான் பேராகிவிட்டது.

நேற்று மத்தியானம் தோட்டத்தில் சோறு தின்கிறபோது ஞானசெல்வி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் முகத்தைப் பார்க்கத் திராணி இல்லாமல்தான் வீட்டுக்கு வரவில்லை என்று அழுதாள். கடைசியாகக் குதித்தது அவள்தானாம். "யக்கா, குதி" என்று அவளைத் தள்ளிவிட்டாயாம். அதற்கப்புறமும் நீ ஏதோ சொன்னாயாம். இரைச்சலில் அவள் காதில் விழவில்லையாம்.

நன்றாக இரு சாமி. உன் பேருக்கு ஒரு குறையும் இல்லை. தெம்பாக இரு. உன் ஆத்தா பொன்னாத்தாள் இது ஒன்று மட்டும் கேட்கிறேன். அப்போது என்னடா சொன்னே, சிட்டு?