முருங்கைக்காய் பறிக்கும் கோல்ஃப் தடி

இன்று காலை உங்கள் கோல்ஃப் தடியால் முருங்கைக்காய் பறித்தேன். கோபம் வருகிறதா? வரட்டும். அதன் இரும்புத் தலை கொம்பை வளைத்து இழுக்க வாகாக இருக்கிறது. அந்தத் தடியால் இந்த வீட்டுக்கு ஒரு நன்மை நடப்பதை நீங்கள் கண்ணை மூடிய பிறகுதான் பார்க்கிறேன். நீங்கள் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய ஆளிவிதை எண்ணெய் வாசம் மட்டும் இன்னும் போகவில்லை. சவர்க்காரம் போட்டுக் கழுவியும் கையில் நிற்கிறது.

உங்கள் கந்தோரின் வெள்ளைக்காரத் துரை கழித்துப் போட்ட தடி அது. கந்தோர்க் கடிதங்களில் கையெழுத்து வாங்கப் பந்தயத் திடலுக்குப் போனவர், குதிரை ஓடாத நாளில் வெள்ளைக்காரர் அங்கே பந்து அடிப்பதைப் பார்த்து மயங்கி வந்தீர்கள். துரையோடு ஒரு நாள் சரிசமமாக நின்று ஆடிவிட்டால் தலைமைக் கிளாக்கர் நாற்காலி தானாக வரும் என்று நினைப்பு. உங்களிடம் பந்து இல்லை, அடிக்க இடமும் இல்லை. அதனால் நிற்கப் பழகினீர்கள். கந்தோர் வேலை முடிந்து வந்ததும் தேத்தண்ணீர்கூடக் குடிக்காமல் அலுமாரிக் கண்ணாடியின் முன் போய் நிற்பீர்கள். கால்களைத் தோளகலத்துக்கு விரித்து, முழங்காலைக் கொஞ்சம் தளர்த்தி, இடுப்பிலிருந்து குனிய வேண்டும், முதுகு வளையக்கூடாது. நான் அடுப்பை விட்டுவிட்டு வந்து விளக்குமாற்றுத் தடியை உங்கள் முதுகில் வைத்து, தலையும் நடுமுதுகும் இடுப்பும் அதில் ஒட்டுகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். “நிலை சரியெண்டால் பாதி ஆட்டம் முடிஞ்சுது” என்பீர்கள். மீதிப் பாதி என் தலையில் விடிந்தது.

வீசத் தொடங்கிய பிறகு உங்கள் தலை ஆடியது, அது ஆடினால் அடி பிழைக்குமாம். அதற்கும் நான்தான். எதிரே நின்று கையை நீட்டி உங்கள் நெற்றியை அழுத்திப் பிடிக்க வேண்டும்.

“இஞ்சாருங்கோ, எனக்குப் பயமாக் கிடக்கு. ஒருநாளைக்கு என்ரை கையிலை படப்போகுது” என்றேன்.

“நிலை சரியாய் இருந்தால் தடி தன்ரை வழியிலைதான் போகும். நீர் அசையாமல் பிடியும்.”

பிடித்தேன். மணிக்கட்டில் பட்டது. எலும்பு முறிந்த சத்தம் அடுப்படியில் இருந்த மகளுக்கே கேட்டது.

பெரியாஸ்பத்திரியில் டாக்டர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார், எப்படி என்று. நான் வாயைத் திறக்குமுன் நீங்கள் முந்திக்கொண்டு, நான் கிணற்றடியில் வழுக்கி விழுந்ததாக இங்கிலீசில் சொன்னீர்கள். எனக்கு அந்த இங்கிலீசு விளங்கும் என்பதை மறந்தீர்களா, விளங்கினால் என்ன என்று இருந்தீர்களா, தெரியாது. ரிக்‌ஷாவில் திரும்பும்போதாவது ஒரு வார்த்தை சொல்வீர்கள் என்று பார்த்தேன். சொன்னீர்கள்.

“நீர் நெத்தியை விட்டிட்டீர். அதாலை வந்த வினை.”

நான் விடவில்லை. அன்றும் இன்றும் அதைத்தான் சொல்வேன்.

கை கோணலாகப் பொருந்தியது. மகளுக்குத் தலை பின்ன முடியாமல் பக்கத்து வீட்டுக்காரியிடம் அனுப்பினேன். அவளும் கேட்டாள், “அந்தக் கிணத்தடியில கல்லு போடச் சொல்லக் கூடாதாக்கா?” என்று. நீங்கள் ஊரெல்லாம் சொல்லிவைத்த பொய்க்கு நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

கட்டு அவிழ்க்குமுன்பே ஒரு நாள் துரை உங்களைக் கூப்பிட்டு ஒரு பந்தை அடிக்கச் சொன்னாராம். அடித்தீர்களாம், பந்து நேராகப் போனதாம். வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்று சொன்னீர்கள்: “ஆர் பழக்கினதெண்டு துரை கேட்டார். ஒருத்தரும் இல்லை, கண்ணாடியைப் பாத்து நானாப் பழகினதெண்டு சொன்னன்!” அப்போது என் கை கட்டுப்போட்டபடி கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு துரை உங்களை ஆடக் கூப்பிடவேயில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒளிப்பானேன்?

காய்ச்சலில் கிடந்த கடைசி நாட்களில் உங்கள் நெற்றியில் ஈரத்துணி போட்டதும் இந்தக் கைதான். “என்னாலைதான் உம்மடை கை போச்சுது” என்று நீங்கள் சொல்ல வேண்டியிருந்தது ஒரே ஒரு வசனம். அதற்காகத்தான் கிட்ட இருந்தேன், பாசத்தில் என்று நினைத்துக்கொண்டு போயிருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். தண்ணீர் கேட்டீர்கள், கஞ்சி கேட்டீர்கள், அவ்வளவுதான்.

இன்று நான் முருங்கையடியில் நின்றபோது உங்கள் கந்தோர்ச் சிநேகிதர் படலையைத் திறந்துகொண்டு வந்தார். தடியைக் கண்டதும் அவருக்குக் கண் கலங்கியது.

“அவரைப் போலை நிலை எடுக்கிறதுக்கு ஆளில்லை எண்டு துரையே சொன்னவர், தங்கச்சி” என்றார். பிறகு என் கையைப் பார்த்தார். “கிணத்தடியிலை விழுந்த கை இன்னும் சுகமில்லையோ?”

“நான் விழேல்லை, அண்ணை. அவர்தான் அடிச்சு முறிச்சவர். இந்தத் தடியாலை.”

அவர் படலைப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். செத்தவரைப் பற்றி இப்படிச் சொல்லலாமோ என்று மெல்லக் கேட்டார். நான் இன்னொரு தடவை, முதல் சொன்னதைவிடச் சத்தமாகச் சொன்னேன்.

அவர் போன பிறகுதான் கவனித்தேன். கால்களைத் தோளகலத்துக்கு விரித்து, முழங்காலைத் தளர்த்தி, முதுகை நேராக்கி நின்றிருக்கிறேன். பார்த்துப் பார்த்து என் உடம்பில் ஏறிவிட்ட உங்கள் நிலை. கழற்றி எறிய முடிந்தால் இப்போதே எறிந்திருப்பேன். ஆனால் அவரிடம் அதைச் சொன்னபோது என் தலை ஒரு துளியும் அசையவில்லை. நெற்றியைப் பிடிக்க எனக்கு யாரும் தேவைப்படவில்லை.