அம்மாவுக்குச் சாப்பாடு போடும் நாட்கள்

முழுதாகப் போய்விடாத என் அம்மாவுக்கு,

மதுரையில் முதுமையைப் பற்றி ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்றபோது, "கெழவியாவுறதுக்குப் படிப்பு வேறயா?" என்று சிரித்தாயே, அந்த ஆராய்ச்சி இன்னும் முடியவில்லை.

உன் கையிலிருந்து கடுகளவு தோல் எடுத்தது நினைவிருக்கிறதா? மேற்கையின் உட்புறம், பட்டாசு மருந்தின் வெள்ளிப்பூச்சு ஏறாத இடம். "தோல உரிக்கத்தான் இம்புட்டுப் படிச்சியா தாயி?" என்றாய். அந்தச் செல்களைக் குடுவையில் வளர்த்தேன். ஒன்று இரண்டாகப் பிரியும். எப்போது பிரியாமல் நிற்கும் என்பதுதான் என் ஆய்வு.

பிறகு ஏழாயிரம்பண்ணையில் நீ வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனி வெடித்தது. உன்னை மூட்டையாகக் கட்டித் தந்தார்கள். பிரிக்க வேண்டாம் என்றார்கள். வாய்க்கரிசி போட வந்தவர்கள், வாய் எந்தப் பக்கம் என்று தெரியாமல் நின்றார்கள். அப்பா துணியின் மேல் தூவினார்.

நான் ஆய்வகத்துக்குத் திரும்பினேன். செல்களை உடம்புச் சூட்டில் வைத்திருக்கும் இன்குபேட்டருக்குள் நீ பெருகியிருந்தாய்.

ஒருநாள் விட்டு ஒருநாள் குடுவையிலிருந்து பழைய சத்துத் திரவத்தை உறிஞ்சிவிட்டுப் புதியதை ஊற்ற வேண்டும். ஆய்வகத்தில் எங்கள் பேச்சில் அது 'சாப்பாடு போடுவது'. உன் வருஷத் திதிக்கு வரச்சொல்லி அப்பா எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினார். "வர முடியாதுப்பா, அம்மாவுக்குச் சாப்பாடு போடணும்" என்றுவிட்டேன்.

அப்பா கேட்டார்: "அப்ப அவ இன்னும் போகலையா தாயி?"

பின்னால் அத்தையின் குரல். "செத்தவளக் குப்பியில அடைச்சு வச்சிருக்காளா? நல்லாத்தான் படிச்சா போ!"

அந்த வாரம்தான் செல்கள் பிரியாமல் நின்றன. அகன்று, தளர்ந்து, கண்ணாடியில் ஒட்டிக் கிடந்தன. நரைக்கும் முன்பே போனவள் நீ. உன் முதுமையை நான் மட்டும் பார்த்தேன்.

"நின்னுடுச்சுன்னு எழுதிட்டு, பிளீச் ஊத்திக் கொன்னு கொட்டிடு. அடுத்த மாசம் நீ தீசிஸ் குடுத்தாத்தான் விருதுநகர்க் காலேஜ் வேலை" என்றார் பேராசிரியை. என்னால் ஊற்ற முடியவில்லை.

அப்பா வந்தார். துண்டு முனையில் அரிசி முடிந்திருந்தது. "அன்னைக்குச் சரியாப் போடல."

குடுவைக்குள் போட முடியாது என்றேன். நுண்ணோக்கியைக் காட்டினேன். "எந்தக் கண்ண மூடணும்?" என்று கேட்டுவிட்டுக் குனிந்தார். வெகுநேரம் பார்த்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"இது அவ இல்ல தாயி. அவ இம்புட்டு நேரம் சும்மா கெடக்க மாட்டா."

அரிசியோடு பஸ் ஏறினார். எனக்கும் அவர் சொன்னது ஆறுதலாக இருந்தது.

மறுநாள் காலை பிளீச்சைத் திறந்து வைத்துவிட்டுக் கடைசியாக ஒருமுறை பார்த்தேன்.

ஓரத்தில் ஒரே ஒரு செல் உருண்டு திரண்டிருந்தது. நடுவில் இடுப்பு போல ஒடுங்கியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டானது.

அப்பா சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தாயா அம்மா?

பிளீச்சை மூடிவிட்டேன். 'நின்றுவிட்டது' என்று எழுதியதை அடித்துவிட்டேன். விருதுநகர் வேலைக்கு வேறு யாராவது போவார்கள். அப்பாவிடம் என்ன சொல்வது? தெரியவில்லை.

நீயாக நிற்கும்வரை சாப்பாடு போடுவேன். இன்று போட்டாயிற்று.

நீ பெற்று, இப்போது உன்னை வளர்க்கிற
உன் மகள்