ஒற்றை மஞ்சள் மிதப்பு

என்ட உயிரான மகள்ட வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள அடக்கின மையவாடிக்கு வந்து சொல்லப் பொம்புளை எனக்கு வழியில்ல, அதால ஊரறிய எழுதுறன். நம்மட ஸஹ்லா பள்ளிக்கூடம் போறாள். ஓம், நம்மட ஊர் கண்டக்குழியிலயே, அயல் புள்ளைகளோட. தூரத்து விடுதியில கொண்டு போய் விடச் சொல்லி எத்தனை பேர் புத்தி சொன்னாங்க! புள்ளய நம்மள விட்டு அனுப்பிடாத எண்டுதானே கடைசியா என்ட கையைப் பிடிச்சுக் கேட்டீங்க.

அந்த விளங்காத கதையும் விளங்கிட்டு. தூரத்தில ஓடுற வள்ளத்தைக் காட்டுவாள், முன்னால வச்ச சோத்துக் கோப்பையைத் தடவித் தேடுவாள். கண்ணில பிழையில்ல எண்டு டொக்டர்மார் சொல்ல, நடிக்கிறாள் எண்டு ஊர் சொன்னிச்சு. எவ்வளவு கோபப்பட்டீங்க! கொழும்பில வேற ஒரு டொக்டரம்மாட்டக் காட்டினன். பிறந்த நேரம் மூச்செடுக்கப் பிந்தினாளே, அதில மூளையில பாதிப்பாம். கண் காட்டுறதை மூளை பிரிச்சறியக் கஷ்டப்படுதாம். அசையிறது சட்டெண்டு தெரியுமாம். பல சாமான் ஒண்டாக் கிடந்தா எல்லாம் கலங்கிடுமாம், களைச்சா இன்னும் குறையுமாம். நடிப்பே இல்லையாம்.

உங்களுக்குக் கொஞ்சம் ஏச்சும் இருக்கு. புள்ள எதையாவது பார்க்கட்டும் எண்டு கட்டிலுக்கு மேல உங்கட மீன் வலை மிதப்பெல்லாம் தொங்க விட்டீங்களே, சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள், போதாததுக்கு மினுக்குத் தாளும். அது கட்டிலா, கல்யாண வீடா? டொக்டரம்மா நான் காட்டின கட்டில் போட்டோவைப் பார்த்துச் சிரிச்சிட்டு, ஒண்டை மட்டும் விட்டு மிச்சத்தைக் கழட்டச் சொன்னாங்க. உங்கட கை போட்ட முடிச்சு. அழுதழுதுதான் அவிழ்த்தன்.

அவங்க சொன்னபடி சுவருக்குக் கறுப்புத் துணி கட்டி, மஞ்சள் மிதப்பை மெல்ல ஆட்டினன். ஸஹ்லா நிமிர்ந்து பார்த்தாள். கையை நீட்டிப் பிடிச்சாள்! நான் போட்ட சத்தத்தில பக்கத்து வீட்டு ஆக்கள் பாம்பாக்கும் எண்டு ஓடி வந்தாங்க. உங்களுக்கும் கேட்டிருக்குமா?

பள்ளிக்கூடத்தில அதிபர் படம் நிறைஞ்ச புத்தகத்தைக் காட்டினார். அவள் முகத்தைத் திருப்பிட்டாள். பார்வையில்லாத புள்ளய எடுக்க ஏலா எண்டார். நான் விடுவனா? பையிலிருந்த கறுப்புத் துணியை எடுத்து மேசையில கிடந்ததையெல்லாம் மூடினன். அதுக்கு மேல, வீட்டில படிப்பிச்ச மாதிரியே, மஞ்சள் மட்டையில வெட்டின ஒரேயொரு எழுத்தை வச்சன். கொஞ்சம் பொறுங்க சேர், அவளுக்கு நேரம் வேணும் எண்டன்.

“வ,” எண்டாள் ஸஹ்லா. “வாப்பாட வள்ளம்.”

திங்கட்கிழமை கூட்டிட்டு வாங்க எண்டார் அதிபர். இப்ப அவளுக்கு முன் கதிரை, பக்கத்துச் சுவரில ஒரு படமும் இல்ல. புத்தகத்தில ஒரு வரி மட்டும் தெரிய, டீச்சர் நடுவில வெட்டின மட்டை ஒண்டு செஞ்சு குடுத்திருக்கிறா. வரிவரியா வாசிக்கிறாள், அல்ஹம்துலில்லாஹ். நடிப்பு எண்டவங்க வாசலில நிண்டு கேட்டுட்டுப் போறாங்க. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

மற்ற மிதப்பெல்லாம் சாக்கில பத்திரமா இருக்கு. நேத்து அவளே கேட்டாள், மற்றதெல்லாம் எங்க உம்மா எண்டு. சிவப்பை எடுத்து மஞ்சளுக்குப் பக்கத்தில கட்டினன். ரெண்டையும் தொட்டுக் காட்டினாள். இனி அவள் கேட்கக் கேட்க ஒவ்வொண்டாக் கட்டுவன், உங்கட முடிச்சு மாதிரியே. நீங்க தொங்க விட்டது அத்தனையையும் அவள் ஒரு நாள் பார்ப்பாள், பார்க்க வைப்பன்.

உங்கட ஸஹ்லாட உம்மா