மனசாட்சி அம்மாள் தேர்தலில் நின்ற கதை

உ
முருகன் துணை

பாம்பூஃப்ளாட், அந்தமான்,
7-9-1969

அன்பு மகள் தங்கத்துக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் மழையில் நனைந்துகொண்டு சுகமாக இருக்கிறோம், அங்கே மதராஸ் வெயிலில் நீ காய்ந்துகொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் கடிதம் ஒன்றுக்கும் பதில் வரவில்லை என்று கோபித்துக்கொண்டு கடைசியாக ஒரே ஒரு வரி எழுதியிருந்தாய், போகலாமா கூடாதா அதை மட்டும் சொல்லுங்கள் என்று. கோபம் நியாயம்தான். நர்ஸ் படிப்பு முடித்த பெண்ணுக்கு சர்க்கார் லாங் ஐலண்ட் ஆஸ்பத்திரியில் வேலை போட்டுக் கொடுக்கும்போது பெற்றவர்கள் வாயில் கொழுக்கட்டை வைத்தது போல இருந்தால் யாருக்குத்தான் கோபம் வராது. ஆனால் பதில் சொல்ல வேண்டியவர் உன் அப்பா. அவரோ நீ முதலில் எழுதிய அன்றே, "கல்யாணம் ஆகாத பொண்ணு, தனியா ஒரு தீவுல, மரம் வெட்டுறவங்களுக்கு நடுவுல, பேச்சே எடுக்காதே" என்று சொல்லிவிட்டு உன் கடிதத்தை முருகன் படத்துக்குப் பின்னால் செருகிவிட்டார். முருகனும் அதை எடுத்துப் படித்ததாகத் தெரியவில்லை. இந்த மாதம் முடிவதற்குள் நீ ஒப்புக்கொண்டு எழுதாவிட்டால் அந்த வேலையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள் என்பது எனக்கும் தெரியும், அதனால்தான் அவர் மில்லுக்குப் போயிருக்கும் நேரத்தில் நான் உட்கார்ந்து எழுதுகிறேன். நடந்ததை முதலிலிருந்து சொன்னால்தான் உனக்குப் புரியும், அவசரப்பட்டுக் கடைசிப் பக்கத்தைப் புரட்டாதே.

போன மாதம் ஜனாதிபதி தேர்தல் நடந்ததே, எல்லாம் அதில் ஆரம்பித்ததுதான். நம் வீட்டு டிரான்சிஸ்டரை நீ அறிவாய், மழைக்காலத்தில் அது பாதிச் செய்தி சொல்லும், மீதிக் கடுகு தாளிக்கும். ஒருநாள் காலையில் அப்பா அதைக் காதோடு வைத்துக்கொண்டு நின்றவர் துள்ளிக் குதித்து, "கேட்டியாடி, ஜனாதிபதிக்கு ஒரு பொம்பளை நிக்கிறாங்க, மனசாட்சியாம், மனசாட்சிக்கே ஓட்டுப் போடணும்னு டில்லியில சொல்றாங்க" என்றார். நான் மாவாட்டிக்கொண்டிருந்தேன், எனக்குச் சரியாகவே கேட்டது. கட்சி சொன்னபடி போடாமல் அவரவர் மனசாட்சிப்படி போடுங்கள் என்று பெரியவர்கள் சிலர் கேட்டுக்கொண்டார்கள், செய்தி அவ்வளவுதான். அப்பாவுக்கு அந்த வார்த்தை தெரியாது என்று நினைக்காதே, சர்க்கரை எடை குறைந்தால் கடைக்காரனைப் பார்த்து உனக்கு மனசாட்சி இருக்கா என்று கேட்கிறவர்தான். ஆனால் தேர்தலில் போய் மனசாட்சி நிற்கும் என்று யார் எதிர்பார்ப்பார்கள்? மீனாட்சி, காமாட்சி, விசாலாட்சி, அந்த வரிசையில் மனசாட்சி என்று எடுத்துக்கொண்டார், போதாததற்கு அது நம்ம மதுரைப் பக்கத்துப் பேர் என்றும் முடிவு கட்டிவிட்டார். திருத்தலாம் என்று நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர், "ஏன், பொம்பளைன்னா ஆளக் கூடாதா, பேர்லயே ஆட்சி இருக்குதேடி" என்றார். பிரதமராக ஒரு பெண் வந்தபோது நாடு குட்டிச்சுவர்தான் போ என்று சொன்னவர் இவர், ஆனால் அது வடக்கு, இது மதுரை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் பெண்பிள்ளையை உயர்த்தி அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. விசாலாட்சி என்று என் பேரிலும்தான் ஆட்சி இருக்கிறது, மண்ணெண்ணெய்க்குச் சில்லறை கேட்டால் ஆயிரம் கேள்வி. சரி, இது எதுவரை போகிறது பார்ப்போம் என்று திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

அது சாத்தம் தீவுக்குப் போகிற ஃபெர்ரிப் படகு வரை போயிற்று. தினமும் காலையில் மர அறுப்பு மில்லுக்குப் போகிற கூட்டமெல்லாம் அதில்தானே ஏற வேண்டும், அங்கே அப்பா மனசாட்சி அம்மாளுக்காகப் பிரசாரத்தில் இறங்கிவிட்டார். முதல்நாள் அந்த அம்மாள் வாத்தியார் மகளாக இருந்தார், மறுநாள் சுதந்திரப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போய்வந்தார், வாரக் கடைசியில் மேலூருக்குப் பக்கத்தில் நம்ம தாத்தாவுக்கு ஒருவகையில் சொந்தமே ஆகிவிட்டார். படகுத்துறை ஜெட்டியில் டீக்கடை வைத்து அரைகுறைத் தமிழ் பழகிய வங்காளி மண்டலும் அந்த ஃபெர்ரியில்தான் வருவார், அவர் மட்டும் ஹிந்தியில், "அரே முத்து பாபு, ராஷ்டிரபதின்னா பதியாச்சே, பொம்பளை எப்படிப் பதி ஆக முடியும்" என்று கேட்டாராம். அதற்கு உன் அப்பா, நாற்காலிக்கு மீசை முளைக்குமா பாய் என்று திருப்பிக் கேட்டாராம், ஃபெர்ரியே கைதட்டியதாம். தமிழ் தெரிந்த நாலு பேருக்கு விஷயம் புரிந்திருக்கும், ஆனால் காசில்லாமல் நடக்கும் நாடகத்தை எவன் நிறுத்துவான்.

அதோடு விட்டாரா? ஒவ்வொரு மாநிலத்துக்கும் சட்டசபை இருக்கிறது, எம்.எல்.ஏ.க்கள் கும்பல் கும்பலாகப் போய் ஓட்டுப் போடுவார்கள், நமக்குச் சட்டசபையும் கிடையாது ஒன்றும் கிடையாது, வங்காளி தெலுங்கு மலையாளி ராஞ்சிக்காரன் நிக்கோபாரி தமிழன் எல்லோருக்கும் சேர்த்து டில்லியில் இருக்கும் நம் எம்.பி. ஒருவர் போடுகிற ஒரே ஓட்டுத்தான், அந்த ஓட்டு தவறான பெட்டிக்குப் போய்விட்டால் இந்தத் தீவுகள் சமுத்திரத்தில் இருந்து என்ன பிரயோஜனம் என்று சொல்லி, போர்ட் பிளேருக்குப் போய் அவருக்கு ஒரு தந்தியும் கொடுத்துவிட்டு வந்தார், பாம்பூஃப்ளாட் தமிழர் அனைவரும் மனசாட்சி பக்கம் என்று. அங்கே தந்தி வாங்குகிற பாலசுப்பிரமணியம் தஞ்சாவூர்க்காரர், படித்தவர், அதைப் படித்துவிட்டு எழுந்து நின்று, "சார், கட்சியைப் பார்க்காம இப்படிச் சொல்ல ஒரு தைரியம் வேணும்" என்று கையைப் பிடித்துக் குலுக்கினாராம். அந்தக் கையை அப்பா அன்று முழுக்கக் கழுவவில்லை. நம் தீவு கடைசியில் எப்படி ஓட்டுப் போட்டது என்று யாராவது உன்னைக் கேட்டால் தெரியாது என்று சொல், அது ரகசிய ஓட்டாம், போட்ட அந்த ஒருவருக்குத்தான் தெரியும்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். தேர்தலுக்கு முன்தினம் ஃபெர்ரியில் அப்பா வழக்கம்போல முழங்கிக்கொண்டிருந்திருக்கிறார், பெண்ணுக்கு எந்த நாற்காலியும் உயரமில்லை என்று. நம் பொன்னம்மா, அவள்தான் ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருக்கிறாளே, கூடையை மடியில் வைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏண்ணே, டில்லிக்கு ஒரு பொம்பளை போகலாம், லாங் ஐலண்டுக்கு நம்ம தங்கம் போகக் கூடாதா" என்று கேட்டாள். ஃபெர்ரி கொல்லென்று சிரித்தது. மண்டல் அதை ஹிந்தியில் எல்லோருக்கும் எடுத்துச் சொல்ல, இரண்டாம் தடவையும் சிரித்தார்கள். உன் அப்பாவுக்குத்தான் ரோஷம் மூக்குக்கு மேலே இருக்குமே, எழுந்து நின்று, "யார் சொன்னது கூடாதுன்னு, மனசாட்சி ஜெயிக்கட்டும், எம்மகளை அனுப்புறேன், இது இந்தக் கடல் மேல சத்தியம்" என்று சொல்லிவிட்டார். பொன்னம்மா சாயங்காலம் வந்து என்னிடம் சொன்னபோது எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை, அவளுக்கு இரண்டு தோசை கூடுதலாக வார்த்துக் கொடுத்தேன்.

முடிவு வந்த அன்று நல்ல மழை. டிரான்சிஸ்டர் ஜெயித்தவர் பேரைக் கடுகோடு சேர்த்து விழுங்கிவிட்டு, மனசாட்சி வென்றது என்பதை மட்டும் கணீரென்று சொல்லிற்று. அப்பா குதித்தார், உடனே முகம் சிவந்தார், "வென்றார்னு சொல்லாம வென்றதுங்கிறான் பாரு, பொம்பளைன்னா மரியாதை கூடக் கிடையாதா" என்று ரேடியோவைத் திட்டினார். எனக்கு வந்த சிரிப்பை அடுப்பை ஊதி அடக்கினேன். அன்று ஃபெர்ரி முழுக்கச் சீனி மிட்டாய் கொடுத்தார். அடுத்த கப்பலில் சிவஞானம் வந்து இறங்கினார், அதுதான் மில்லில் அப்பாவோடு வேலை பார்க்கிறவர், தங்கை கல்யாணத்துக்கு மெயின்லேண்ட் போயிருந்தார். வரும்போது மதராஸ் பேப்பரை மடித்து எடுத்துக்கொண்டு நேரே நம் வீட்டுக்குத்தான் வந்தார். முதல் பக்கத்தில் புது ஜனாதிபதி படம். "நாகமுத்து, இதுல மனசாட்சி அம்மா எங்கேய்யா" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அப்பா பேப்பரைத் திருப்பிப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், பிறகு எனக்குக் காய்ச்சலடிக்கிறது என்று போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார். தொட்டுப் பார்த்தேன், உடம்பு வெள்ளரிக்காய் மாதிரிக் குளிர்ந்திருந்தது. சிவஞானமோ கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, "ஆளே இல்லைன்னா சத்தியம் ஏது, தங்கத்தைக் கூட்டிட்டு வந்து கல்யாணத்தைப் பண்ணு, என் தங்கை வீட்டுக்காரர் தம்பி ஒருத்தர் இருக்கார்" என்று ஆரம்பித்தார். போர்வைக்குள்ளிருந்து அப்பா, ஆமாம், ஆளே இல்லை என்றார்.

அடி தங்கம், இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது இதற்குத்தானா என்று ஆத்திரமாக வந்தது. சிவஞானம் போனதும் போர்வையை உருவிவிட்டேன். மனசாட்சி என்று ஆள் இல்லை என்பது முதல்நாளே எனக்குத் தெரியும், ஆனால் நீங்கள் ஆள் ஜெயித்தால் அனுப்புகிறேன் என்றா சொன்னீர்கள், மனசாட்சி ஜெயித்தால் என்றுதானே சொன்னீர்கள், ரேடியோ ஜெயித்தது என்கிறது, பேப்பர் ஜெயித்தது என்கிறது, உங்களிடம்தான் தோற்றுப்போகும் போலிருக்கிறது என்று சொன்னேன். முதல்நாளே தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். ஆனால் அவர், "அங்க நர்சு குவார்ட்டர்சுக்கு வேலி இருக்குமா, விசாலம்" என்று கேட்டார். நீ பெண் என்பதற்காக அவர் தடுக்கவில்லையடி, பயத்தில் தடுத்தார். பயம் என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு கௌரவம் என்று சொல்லியிருக்கிறார்.

மறுநாள் காய்ச்சல் விட்டுவிட்டது. ஃபெர்ரியில் எல்லோரும் சிரிக்கத் தயாராக உட்கார்ந்திருந்தார்களாம், சிவஞானம் பேப்பரோடு. அப்பா ஏறியதும் ஏறாததுமாக, மனசாட்சி ஜெயித்தால் மகளை அனுப்புகிறேன் என்றேன், ஜெயித்துவிட்டது, அனுப்புகிறேன், இதில் ஆள் எங்கே வந்தது என்று நான் சொன்னதை ஓர் எழுத்து மாறாமல் தானே யோசித்துக் கண்டுபிடித்தது போலச் சொன்னாராம். சொல்லிவிட்டுப் போகட்டும். அன்றிலிருந்து லாங் ஐலண்ட் போய்வருகிற படகுக்காரன் ஒருவனையும் அவர் விடவில்லை, தண்ணீர் எப்படி, பாம்பு உண்டா, பக்கத்து வீட்டில் யார் என்று விசாரித்து என்னிடம் வந்து கொட்டுகிறார். கேட்கக் கேட்க இப்போது எனக்குத்தான் பயமாக இருக்கிறது. போ போ என்று மல்லுக்கு நின்றவளுக்கு, நீ உண்மையாகவே போகப்போகிறாய் என்றதும் சோறு இறங்கவில்லை. அதையும் உனக்கு ஒளிக்காமல் எழுதிவிட்டேன். ஆனால் அதற்காக நீ நிற்காதே. ஒன்று மட்டும் சொல்கிறேன், போகலாமா கூடாதா என்று இனிமேல் எங்களைக் கேட்டு எழுதாதே. நீயே முடிவு செய், செய்துவிட்டு எங்களுக்குச் சொல்.

மகமாயி உன் கூடவே இருப்பாள், கை வைத்த இடமெல்லாம் நோய் தீரட்டும், நல்ல பேர் எடு. கப்பல் ஏறும் முன் வெறும் வயிற்றோடு இருக்காதே, எலுமிச்சம்பழம் கையில் வைத்துக்கொள். லாங் ஐலண்டுக்கு உன்னைக் கொண்டுவிட அப்பாவும் வருகிறாராம், அன்றே திரும்பிவிடுவேன் என்கிறார், ஆனால் நேற்று ஜெட்டிக்குப் போய்த் தனக்குப் படுக்க ஒரு பாய் வாங்கி வந்திருக்கிறார், ஒன்றும் தெரியாதது போல இரு.

இப்படிக்கு,
உன் அன்பு அம்மா
நா. விசாலாட்சி