சீப்பில் சிக்கிய முடி

திண்டுக்கல்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள அசோக்குமாருக்கு,

அப்பா எழுதுவது. இங்கே இன்னும் மழையில்லை, மற்றபடி குறையொன்றுமில்லை. தொலைபேசியில் பேசினால் என் குரல் உயரும், உன் அம்மா கேட்பாள். ஆகவே எழுதுகிறேன்.

முடியிலுள்ள தாதுக்களை அளந்து உடலின் கொழுப்பைச் சொல்லும் நிறுவனமொன்றை இணையத்தில் கண்டுபிடித்தாய். கட்டிய மனைவி வினிதாவை அங்கே அழைத்துக்கொள்ள விசா எடுப்பதற்குமுன், அவளுக்குத் தெரியாமல் அவள் முடியை நறுக்கி அனுப்பும்படி பெற்ற தாயை ஏவினாய். கல்லூரியில் வேதியியல் நடத்துகிறவனின் மகன் நீ. நம் ஆழ்துளைக் கிணற்று நீரின் சுண்ணாம்பும் தலைச்சாயமும்கூட முடியில் ஏறும். அதைக் கொண்டு ஒருத்தியின் கொழுப்பை இவ்வளவென்று சொல்ல இயலாது. என்னிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அது தெரிந்துதான் நீ கேட்கவில்லை.

அறிக்கை நாற்பத்தொரு சதவீதம் என்றது. அம்மாவின் தொலைபேசியை ஸ்பீக்கரில் போடச் சொல்லி, அந்த முடி அறிக்கையை வினிதாவுக்குப் படித்துக்காட்டி, "இந்த ஒடம்ப வச்சுக்கிட்டு இங்க நாலு பேரு முன்னாடி எப்பிடி நிப்ப?" என்று கேட்டாய். மறுநாள் காலையில் வினிதா பெட்டியோடு குஜிலியம்பாறைக்குப் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவள் போன பிறகு உன் அம்மா என்னிடம் உண்மையைச் சொன்னாள். உறங்கும் மருமகளிடம் கத்திரியோடு போனவளுக்குக் கை வரவில்லை. உன்னிடம் முடியாதென்று சொல்லவும் பயம். சீப்பில் சிக்கும் தன் முடியை உருட்டி, தெருவில் முடிக்குப் பாத்திரம் தருகிறவருக்காகப் பையில் சேர்த்து வைப்பாளே, அதிலிருந்து எடுத்து அனுப்பியிருக்கிறாள். "அது என் முடிங்க. மிஷினுக்கா தெரியப் போகுதுன்னு நெனச்சேன்" என்று அழுதாள். நீ கேட்ட கேள்வி உன் அம்மாவின் உடம்பைப் பார்த்துக் கேட்டதாகிவிட்டது. பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

நேற்று சம்பந்தி வீட்டுக்குப் போனேன். காபி கொடுத்தார்கள், ஒருவரும் குறை சொல்லவில்லை. அந்த மரியாதையில் எனக்குத் தலை நிமிரவில்லை. வினிதாதான், "மாமா, அவுகளுக்கு இன்னும் முடி வேணும்னா என்கிட்டயே கேக்கச் சொல்லுங்க. பழனியில எறக்கி அம்புட்டையும் பார்சல்ல அனுப்புறேன்" என்றாள். நடந்ததையெல்லாம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். என் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பிறகு, "அத்தை சாப்புடுறாகளா?" என்று கேட்டாள்.

அவளை அழைத்துவர நான் போகவில்லை. இனி வருவதும் வராததும் அவள் விருப்பம். அவளிடம் நீயே பேசு. நியாயம் பேசாதே, மன்னிப்புக் கேள்.

அவள் கேட்டதற்குப் பதிலை உனக்குச் சொல்கிறேன். உன் அம்மா தட்டில் வைத்த சோற்றில் பாதியைத் திரும்பச் சட்டியில் போட்டுவிடுகிறாள். காரணம் கேட்டால் பசியில்லை என்கிறாள். நான் சொல்லிக் கேட்கவில்லை.

நல்லபடி இரு. இன்று இரவு அம்மாவைக் கூப்பிடு. இதையெல்லாம் பேச வேண்டாம். சாப்பிட்டாயா என்று மட்டும் கேள். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை வைத்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா,
பொன்னுத்துரை