சனிக்கிழமை வண்டி

7-8-1979, செவ்வாய்

நேற்றும் கோயமுத்தூரில் முட்டை வண்டி நின்றுவிட்டது. நாலு மணி நேரம். திருச்சூர் போய்ச் சேரும்போது மணி மூன்றேகால். அங்கே என் முட்டையை மொத்தமாக வாங்கும் ஔசேப்பு முதலாளியின் சின்ன வேன்கள் பன்னிரண்டரைக்கே பாதி காலியாகக் கிளம்பிப் போய்விட்டன. சாலக்குடி, இரிஞ்ஞாலக்குடா ஓட்டல்காரர்களெல்லாம் அவரைத் திட்டித் தீர்த்திருக்கிறார்கள்.

இது மூன்றாவது தடவை. முதல் தடவை ரயில்வே கேட். இரண்டாவது தடவை ஏதோ ஊர்வலம். நேற்று பஞ்சு ஏற்றிய லாரி ஒன்று நடுரோட்டில் சாய்ந்துகிடந்தது. காரணம் வாராவாரம் மாறுகிறது, நிற்கிற ஊர் மட்டும் மாறவில்லை. நாங்கள் கோயமுத்தூருக்குள் நுழையும் நேரம் பார்த்துத்தான் மில் ஷிப்டு விடுகிறது, பள்ளிக்கூடம் திறக்கிறது, ஆபீஸ் போகிறவர்கள் சைக்கிளை எடுக்கிறார்கள்.

முன்னதாகக் கிளம்பலாமே என்று கேட்பார்கள். எப்படி? பண்ணைகளில் பொழுது சாய எடுக்கிற முட்டையைத் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்கவே நடுச்சாமம் ஆகிறது. மூன்று மணிக்கு முன்னால் நாமக்கல்லை விட்டு வண்டி நகராது.

ஔசேப்பு முதலாளி சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “கந்தவேலே, உங்க முட்டை நல்லது. உங்க நேரம் மோசம். மூணு நடை தாரேன். மூணுல ரெண்டு பன்னிரண்டு மணிக்குள்ள என் கடை வாசல்ல நிக்கணும். நின்னா வருஷ ஒப்பந்தம். இல்லெங்கில் நான் ஆந்திராக்காரன்கிட்ட வாங்கிக்குவேன்” என்றார்.

இன்னும் நாற்பது நாளில் புரட்டாசி. நம் ஊரில் ஒரு மாதம் முட்டையைத் தொட மாட்டார்கள். திருச்சூரும் கைவிட்டுப் போனால் அறுபதாயிரம் முட்டையை எங்கே வைப்பேன்?

8-8-79

காலையில் குஞ்சம்மாள் வந்தாள். என் பேச்சை நம்பி ஐந்நூறு கோழி விட்டவள். புருஷன் போன பிறகு மாட்டு வியாபாரத்தை விட்டுவிட்டு, “முட்டைக்கு நீங்க பொறுப்புங்களா?” என்று என்னிடம் மூன்று தடவை கேட்டுவிட்டுத்தான் கொட்டகை போட்டாள். “பொறுப்பு” என்று மூன்று தடவையும் சொன்னேன்.

“அடுத்த வாரம் எத்தன பொட்டிங்க?” என்றாள்.

சொல்கிறேன் என்று அனுப்பினேன். ஒரு வியாபாரி சொல்லக் கூடாத பதில்.

9-8-79, வியாழன்

டிரைவர் சென்றாயனைக் கூப்பிட்டு, கோயமுத்தூருக்குள்ளேயே போகாமல் திருச்சூர் போக முடியுமா என்று கேட்டேன். அவன் கெங்கவல்லிக்காரன். மெட்ராஸ் ரோட்டில் கண்ணைக் கட்டிவிட்டாலும் ஓட்டுவான், மேற்கே அவ்வளவு பழக்கமில்லை. “ரோடுன்னா பெரிய ரோடுதான் மொதலாளி. சின்ன ரோட்டுல வண்டி நின்னா டீ கூடக் கெடைக்காது” என்றான். அவனுக்கு அவன் கவலை.

லாரிப் பட்டறையில் பாடி கட்டக் காத்திருந்த நாலைந்து டிரைவர்களிடம் விசாரித்தேன். ஒன்று தேறியது. நம்ம நாமக்கல் பக்கத்து வேலூரில் காவிரியைத் தாண்டி, கரூர், வெள்ளகோயில், காங்கேயம், பல்லடம். அங்கே கோயமுத்தூர் பக்கம் போகாமல் தெற்கே திரும்பிப் பொள்ளாச்சி. பிறகு மீனாட்சிபுரம், கொல்லங்கோடு, நெம்மாறை, வடக்கஞ்சேரி, திருச்சூர். கோயமுத்தூரும் இல்லை, பாலக்காடும் இல்லை. தூரம் ஏறத்தாழ அதேதான்.

மைத்துனன் மயில்சாமி சங்ககிரியிலிருந்து வந்திருந்தான். அவனுக்கு இரண்டு லாரி ஓடுகிறது. அந்தத் திமிர் கொஞ்சம் உண்டு. “ஏன் மச்சான், முட்டை ஏத்திக்கிட்டுப் போறீங்களா, இல்ல ஊர் ஊராக் கல்யாணப் பத்திரிக வெக்கப் போறீங்களா?” என்றான். வீட்டுக்காரி சௌந்திரம் தன் அண்ணனுக்குக் காப்பி கொடுத்துக்கொண்டே சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன்.

13-8-79, திங்கள்

நேற்று ஞாயிறு, நானே மோட்டார் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். யார் சொன்னதையும் நம்பிப் பதினெட்டு வருஷத் தொழிலை ஒரு ரோட்டில் இறக்க முடியாது.

பின்னால் ஒரு கூடை. வைக்கோல் போட்டு இரண்டு டஜன் முட்டை. ஒவ்வொரு ஊரிலும் நிறுத்தி, ஒவ்வொரு முட்டையாக எடுத்துக் காதோரம் தட்டிப் பார்த்தேன். விரிசல் விட்டது வேறு சத்தம் போடும். காங்கேயம் டீக்கடையில் ஒருவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, “ஏனுங்க, உள்ள குஞ்சு பேசுதுங்களா?” என்று கேட்டார்.

கரூர் வரை ஒன்றும் ஆகவில்லை. பல்லடம் வரை ஒன்று. பல்லடத்திலிருந்து பொள்ளாச்சிக்கு மூன்று. அந்தத் துண்டு ரோடு மோசம், மெதுவாகப் போக வேண்டும். ஆடிக் காற்று ஆளைத் தள்ளுகிறது. தார்ப்பாயை இரட்டைக் கயிறு போட்டுக் கட்டச் சொல்ல வேண்டும். தாழ்ந்த புளிய மரக்கிளை இரண்டு இடத்தில் இருக்கிறது, குறித்துக்கொண்டேன். பொள்ளாச்சிக்குள் நுழைந்து வெளியே வரப் பத்து நிமிஷம். பத்தே நிமிஷம்! தெருவில் நாய்கூட ஒதுங்க வேண்டியிருக்கவில்லை.

வழி கிடைத்துவிட்டது என்றே நினைக்கிறேன்.

14-8-79

சௌந்திரம் நாள் பார்த்தாள். ஆடியில் புதுசாக எதையும் தொடங்கக் கூடாதாம். ஆவணி பிறந்து, அமாவாசையும் கழிந்து வருகிற வியாழக்கிழமை, 23ஆம் தேதி. “குருவாரமுங்க, வளர்பிறை வேற. இதுக்கு மேல என்ன வேணும்?” என்றாள். எனக்கும் சரியென்றே பட்டது. ஔசேப்புக்குக் கடுதாசி போட்டேன்.

அதுவரை முட்டையை ஈரோட்டிலும் சேலத்திலும் கிடைத்த விலைக்குத் தள்ள வேண்டியதுதான்.

24-8-79, வெள்ளி

தோற்றுவிட்டேன்.

பல்லடம் வரை தேர் மாதிரி போனது. ஆறரைக்கு டீ. சென்றாயன் பாட்டுக்கூடப் பாடினான். பொள்ளாச்சிக்கு மூன்று மைல் இருக்கும்போது முன்னால் இரண்டு மாடு. பிறகு இருபது. பிறகு ரோடே தெரியவில்லை. மாடு, எருமை, கன்று, வண்டி, கொம்புக்குச் சாயம் பூசியது, பூசாதது... கேரளாக்காரர்கள் துண்டுக்குள் கையைவிட்டு விலை பேசிக்கொண்டு நடுரோட்டில் நிற்கிறார்கள். வியாழக்கிழமை பொள்ளாச்சிச் சந்தை!

ஹாரன் அடித்து அடித்துச் சென்றாயன் ஓய்ந்துபோனான். “மொதலாளி, கோயமுத்தூர்ல ஹாரன் அடிச்சா பஸ்ஸு ஒதுங்கும். எருமை என்னா ஒதுங்குமா? திரும்பிப் பாத்துட்டு அதுபாட்டுக்கு நிக்குது” என்றான்.

திருச்சூர் சேரும்போது இரண்டரை. ஔசேப்பு கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “ஒண்ணு போச்சு” என்றார். அவ்வளவுதான். இனி இரண்டும் தப்பாமல் போக வேண்டும்.

எனக்கு வருகிற கோபம் மாட்டின் மேல் இல்லை. புதன்சந்தை என்று ஊருக்கே கிழமையைப் பேராக வைத்த சீமையில் பிறந்தவன் நான். சைக்கிளில் கூடை கட்டிச் சந்தை சந்தையாக முட்டை பொறுக்கி ஆளானவன். இங்கே எந்த ஊரில் என்றைக்குச் சந்தை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆற்றைத் தாண்டினதும் அந்தப் புத்தி எங்கே போச்சு? ரோட்டைப் பாத்தேன், மரக்கிளையப் பாத்தேன், முட்டையத் தட்டித் தட்டிப் பாத்தேன். கெழமையப் பாக்கல. ஞாயித்துக்கெழமை போய் ஊரைப் பாத்துட்டு ஆஹா ஆஹான்னு வந்திருக்கேன். நானெல்லாம் ஒரு வியாபாரி!

25-8-79

மயில்சாமிக்குச் செய்தி போய்விட்டது. “மச்சான் மாடு புடிக்கப் போனாராமா?” என்று கேட்டனுப்பியிருக்கிறான்.

26-8-79, ஞாயிறு

குஞ்சம்மாள் வீட்டுக்கு நானே போனேன். ஒளித்துப் பயனில்லை. நடந்ததைச் சொன்னேன்.

திட்டுவாள் என்று பார்த்தால், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். “வெசாளக்கெழமை பொள்ளாச்சிக்குப் போனீங்களா! ஏஞ் சாமி, எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாதுங்களா? நானும் எம்பட மாமனும் பதினாறு வருசம் அந்த ரோட்டுல மாட்டோட நடந்திருக்கறமுங்க. மாட்டுக்கு லாரி வெக்க வக்கில்லாத காலம்.”

எனக்கு உறைத்தது. வாரம் தவறாமல் இவளைப் பார்க்கிறேன். முட்டையைத் தவிர வேறு எதையும் இவளிடம் கேட்டதில்லை.

“அப்பொ வெள்ளிக்கிழமை போகட்டுமா?” என்றேன்.

“அது இன்னும் மோசமுங்க. வெசாளன் வித்த மாடெல்லாம் வெள்ளிக்கெழமைதான் மலையாளத்துக்கு நடக்கும். மீனாட்சிபுரம் ரோடு பூராச் சாணிதான்.”

பிறகு விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள். எந்த ஊர்ச் சந்தைக்கு என்றைக்கு, எந்நேரம் வண்டி கட்டுவார்கள், முந்தின நாள் எங்கே மாடு தங்கும் எல்லாம். ஒரு கை முடிந்து அடுத்த கைக்குப் போனாள். ஒவ்வொரு கிழமையாக அடிபட்டுப் போனது. ஞாயிறு ரோடு காலிதான், ஆனால் ஔசேப்பு கடை திறப்பதில்லை. கடைசியில் ஒரு விரல்தான் நின்றது.

“சனிக்கெழமைதானுங்க சும்மா கெடக்கும். சனிக்கெழமை ஆரு மாடு வாங்குவா? ஆருமே ஒண்ணுந் தொடங்க மாட்டாங்க.”

ஆமாம். நானும் மாட்டேன். பதினெட்டு வருஷத்தில் சனிக்கிழமை நான் ஒரு புதுக் காரியம் தொடங்கியதில்லை.

27-8-79

சௌந்திரத்திடம் எப்படிச் சொல்வது என்று மதியம் வரை சுற்றிக்கொண்டிருந்தேன். சாப்பாட்டின்போது சொல்லிவிட்டேன். குழம்புக் கரண்டி அப்படியே நின்றது.

“குருவாரம் பாத்துக் குடுத்தேன், மாடு மறிச்சிது. இனி நான் என்னத்தப் பாத்துச் சொல்றது?” என்றாள். மோர் ஊற்றும்போது அவளாகவே சொன்னாள்: “சனிக்கெழமை நம்ம ஆஞ்சநேயருக்கு உகந்த நாள்தானுங்களே. அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுக் கெளம்புங்க. நாமக்கல்காரங்களுக்குச் சனிக்கெழமை என்ன கெட்ட நாளு?”

இதை நான் யோசிக்கவே இல்லை. வியாபாரம் பேச நான் கெட்டிக்காரன் என்று ஊரில் சொல்கிறார்கள். வீட்டுக்குள் வந்து பார்க்க வேண்டும்.

28-8-79

திருச்சூருக்கு டிரங்கால் போட்டு இரண்டு மணி நேரம் காத்திருந்து பேசினேன். சனிக்கிழமை வண்டி விடுகிறேன் என்று ஔசேப்பிடம் சொன்னேன். “ஞாயிறு பள்ளியில பூசை முடிஞ்சு வந்தா எங்க ஆளுகளுக்கு அப்பமும் முட்டையும் வேணும். சனி உச்சைக்கு, பன்னிரண்டு மணிக்குள்ள வந்தா ரொம்ப நல்லது. இதை ஏன் முன்னாடியே சொல்லலை?” என்றார்.

ஏன் சொல்லவில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது!

2-9-79, ஞாயிறு

நேற்றுக் காலை பதினொன்று இருபதுக்குக் கடை வாசலில் வண்டி.

பொள்ளாச்சியைப் பன்னிரண்டு நிமிஷத்தில் தாண்டினோம். சென்றாயன் வழி நெடுக மாட்டைத் தேடிக்கொண்டே வந்தான். ஓணத்துக்குத் துணி எடுக்க வந்த கூட்டம் திருச்சூரில் கொஞ்சம் மறித்தது, அவ்வளவுதான். நூற்றுக்கு ஒன்றுதான் உடைசல். ஔசேப்பு வாயைத் திறந்து பாராட்டவில்லை. ஆனால் டீ வாங்கிக் கொடுத்தார். இதுவரை கொடுத்ததில்லை.

இன்னும் ஒன்று.

6-9-79

தூக்கம் சரியில்லை. எல்லாம் ஒரு நடையில் இருக்கிறது. குஞ்சம்மாள் பெட்டி எத்தனை என்று இந்த வாரம் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததே கேட்ட மாதிரி இருந்தது.

9-9-79, ஞாயிறு

நேற்று நெம்மாறைக்கு அந்தப் பக்கம் நல்ல மழை. ரோட்டில் ஒரு மரம் விழுந்துகிடந்தது. மணி ஒன்பதரை. போச்சு, எல்லாம் போச்சு என்றேன். சென்றாயன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சீட்டுக்கு அடியிலிருந்து ரம்பமும் கோடாலியும் எடுத்தான்.

“இது எப்படா வந்துது?”

“போன வாரமே வாங்கிப் போட்டேன் மொதலாளி. நீங்க புளியங்கிளை, புளியங்கிளைன்னு சொல்லிக்கினே இருந்தீங்களே.”

ரப்பர்த் தோட்டத்து ஆட்கள் ஆறு பேர் வந்து கை கொடுத்தார்கள். நாற்பது நிமிஷம். ஆளுக்குப் பத்து முட்டை கொடுத்தேன்.

கடை வாசலில் வண்டி நின்றபோது பதினொன்று ஐம்பது. ஔசேப்பு வெளியே நின்றுகொண்டிருந்தார். கையில் கடிகாரம் இல்லை, குடை இருந்தது. என் தலைக்கு மேலே பிடித்தார்.

10-9-79, திங்கள்

குஞ்சம்மாளிடம் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் வியாபாரம் பேசினாள். “கெழமை சொன்னவ நானு. எனக்கு என்ன?” என்றாள். என்ன வேண்டும் என்றேன். யோசிக்கவே இல்லை, முன்னமே முடிவுசெய்து வைத்திருக்கிறாள். லாரியில் பின் டயருக்கு மேலே இருக்கிற பெட்டிதான் அதிகம் உடையும், கேபினை ஒட்டி இருப்பது உடையாது. எல்லாப் பண்ணைக்காரர்களுக்கும் இது தெரியும், அந்த இடத்துக்குச் சண்டையே நடக்கும். அவளுக்கு அந்த இடம் வேண்டுமாம். “எப்பவுமேங்களா?” என்றேன், அவள் மாதிரியே. “எப்பவுமேதானுங்க” என்றாள். அடுத்த மாதம் இன்னும் முந்நூறு கோழி விடப் போகிறாளாம்.

ஔசேப்பிடம் பேசி முடித்ததை இங்கே எழுதி வைக்கிறேன். ஒரு வருஷத்துக்கு, சனிக்கிழமைதோறும் ஒரு லோடு, அறுபதாயிரம் முட்டை, பொள்ளாச்சி வழி. நூறு முட்டை இருபத்தெட்டு ரூபாய், திருச்சூர் கடை வாசலில். பகல் பன்னிரண்டு தாண்டினால் நூற்றுக்கு ஒரு ரூபாய் குறைவு. நூற்றுக்கு இரண்டு வரை உடைசல் அவர் பொறுப்பு, அதற்கு மேல் என் பொறுப்பு. வியாழன், வெள்ளி இரண்டு நாளும் என்ன அவசரமானாலும் ஔசேப்பு வண்டி கேட்கக் கூடாது. கேபினை ஒட்டிய முதல் வரிசை குஞ்சம்மாளுக்கு.